ஒரே ஒரு கோடு, இரண்டே வண்ணம், 106 வயது: கார்மென் ஹெரேராவைத் தெரியுமா?

ஓர் ஓவியர் தன் முதல் ஓவியத்தை விற்கும்போது அவருக்கு என்ன வயது இருக்கும்? இருபத்தைந்து? முப்பது? கொஞ்சம் ராசியில்லாதவர் என்றால் நாற்பது?

கார்மென் ஹெரேராவுக்கு 89!

அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். 1915ல் கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர், 2004ல் நியூயார்க்கில் தன் முதல் கேன்வாஸை விற்றார். அதற்கு முன்பே அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வரைந்துகொண்டிருந்தார். வரைந்தவை எல்லாம் வீட்டிலேயே இருந்தன.

இதற்கே மூச்சு வாங்கினால் எப்படி? 2016க்கு வாருங்கள். அந்த ஒரே ஆண்டில், ஒரே ஊரில், அவருக்கு இரண்டு தனிநபர் கண்காட்சிகள்! மே மாதம், லண்டனைச் சேர்ந்த லிஸ்ஸன் காலரி நியூயார்க்கின் செல்சி பகுதியில் புதுக் கிளையைத் திறந்தது. உலகமெங்கும் பெரிய பெரிய ஓவியர்களும் சிற்பிகளும் அந்தக் காலரியின் பட்டியலில் இருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு யாருடைய ஓவியங்களை மாட்டினார்கள் தெரியுமா? இன்னும் சில வாரங்களில் 101ஐத் தொடப்போகிற இந்தப் பாட்டியுடையதை! செப்டம்பர் 16ஆம் தேதி விட்னி அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் அடுத்தது. ‘பார்வைக் கோடுகள்’ என்று பொருள் தரும் தலைப்பு, எட்டாவது மாடி முழுக்க, ஐம்பதுக்கும் மேற்பட்ட படைப்புகள். 2017 ஜனவரி வரை நடந்தது.

இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே இருப்பது என்ன தெரியுமா? ஹை லைன்! ஒரு காலத்தில் சரக்கு ரயில் ஓடிய மேம்பாலத் தண்டவாளம், இப்போது செடிகொடிகள் நிறைந்த நடைபாதை. விட்னியின் வாசலில் தொடங்கும் அந்தப் பாதையில் வடக்கே நடந்தால், 24ஆம் தெருவில் உங்கள் காலடியிலேயே லிஸ்ஸன் காலரி. ஆமாம், அந்தப் பாலத்துக்கு அடியில்தான் காலரியைக் கட்டியிருக்கிறார்கள்.

நூறு வயதுக்காரர் கண்காட்சி என்றதும் பரணிலிருந்து இறக்கித் தூசு தட்டிய பழைய படங்கள் என்றுதானே தோன்றும்? லிஸ்ஸனில் மாட்டியவை அத்தனையும் புதியவை! தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு வயதில் வரைந்தவை. பழைய படங்கள் விட்னியில் இருந்தன, 1948 முதல் 1978 வரை முப்பது ஆண்டுகளுக்கு உரியவை. வரைந்த காலத்தில் விலை போகாத அந்த முப்பது ஆண்டுகளைத்தான் 2016ல் ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள்.

ஹெரேராவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும், இதோ நான் உள்பட, வயதில்தான் ஆரம்பிக்கிறார்கள். கதை சுவையாக இருக்கிறது, என்ன செய்ய! ஆனால் வயதுக் கணக்கில் வாய் பிளந்து நின்றுவிட்டால் பெரிய அதிசயத்தைத் தவற விட்டுவிடுவோம். அது சுவரில் இருக்கிறது. அவர் போட்ட கோட்டில் இருக்கிறது.

‘பிளாங்கோ இ வெர்தே’ என்றொரு வரிசை. ஸ்பானிய மொழியில் வெள்ளையும் பச்சையும். 1959ல் தொடங்கி 1971 வரை வரைந்தார். பன்னிரண்டு ஆண்டுகள், இரண்டே வண்ணம்! சிவப்பு கிடையாது, மஞ்சள் கிடையாது, நிழல் கிடையாது, தூரிகைத் தடம்கூடக் கிடையாது. வெள்ளைப் பரப்பில் ஒரு பச்சை முக்கோணம் ஊசிபோல ஒடுங்கிக்கொண்டே போய் மறையும். இன்னொன்றில் பச்சை பெருத்து வெள்ளையை ஓரம் கட்டும். அவ்வளவுதான். விட்னி கண்காட்சியின் கியூரேட்டர் டேனா மில்லர் இவற்றில் ஒன்பதை ஒரே இடத்தில் சேர்த்து மாட்டினார்.

“இதை என் பையன்கூட வரைவான்” என்கிறீர்களா? சரி, கொஞ்சம் கிட்டே வாருங்கள்.

சில கேன்வாஸ்கள் ஒன்றல்ல, இரண்டு! இரண்டு சட்டங்களை ஒட்டி வைத்திருக்கிறார். அவை சந்திக்கும் இடுக்கு இருக்கிறதே, அதுவே ஒரு கோடு! வண்ணமே தொடாமல் ஒரு கோடு! பென்சில் இல்லை, தூரிகை இல்லை, மரச்சட்டமே கோடு போடுகிறது. பச்சை முக்கோணத்தின் முனை எங்கே முடிகிறது, இடுக்கின் நிழல் எங்கே தொடங்குகிறது என்று கண் திணறும்.

இன்னும் கிட்டே வந்து, பக்கவாட்டில் பாருங்கள். கேன்வாஸின் தடிமனிலும் வண்ணம் போகிறது! முன்பக்கத்தில் ஓடிவந்த பச்சை, விளிம்பில் மடங்கிப் பக்கச் சுவரிலும் ஓடுகிறது. சட்டம் போட்டு மறைத்துவிட முடியாது. ஓவியம் என்றால் தட்டையான ஜன்னல் என்றுதானே நினைத்திருந்தோம்? இவர் அதைப் பருமனுள்ள பொருளாக ஆக்கிவிட்டார். அதிலுள்ள வெள்ளையோ எதிர்த் திசையில் வேலை செய்கிறது. மாட்டியிருக்கும் வெள்ளைச் சுவரோடு கைகோத்துக்கொண்டு, ஓவியம் எங்கே முடிந்தது, அறை எங்கே தொடங்கியது என்று தெரியாமல் செய்துவிடுகிறது. இப்போது பையனைக் கூப்பிடுங்கள் பார்ப்போம்.

இந்த நேர்க்கோட்டுப் பைத்தியம் எங்கே பிடித்தது தெரியுமா? ஓவியப் பள்ளியில் இல்லை, கட்டடக்கலை வகுப்பில்! 1938-39ல் ஹவானா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தார். நாட்டில் அரசியல் கொந்தளிப்பு, பல்கலைக்கழகம் அடிக்கடி மூடிக்கிடந்தது, படிப்பு முடியவில்லை. ஆனால் நேர்க்கோடுகளின் உலகம் அங்கேதான் தனக்குத் திறந்தது, திறந்த கதவு பிறகு மூடவே இல்லை என்று முதுமையில் சொன்னார். வீடு கட்டுகிறவர்களுக்குச் சுவர் எங்கே நிற்கிறது என்பதில் சமரசமே இருக்காது. அந்தப் பிடிவாதம் அப்படியே கேன்வாஸுக்கு வந்துவிட்டது.

வீட்டிலும் லேசுப்பட்டவர்கள் யாரும் இல்லை. அப்பா கியூப விடுதலைப் போரில் கேப்டனாக இருந்தவர், பிறகு ‘எல் முண்டோ’ நாளிதழின் ஆசிரியர். அம்மா அதே பத்திரிகையில் செய்தியாளர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹவானாவில், ஒரு பெண் நிருபர்! கார்மெனுக்கு இரண்டு வயது இருக்கும்போதே அப்பா இறந்துபோனார். அம்மாவின் தைரியத்தைப் பார்த்தே வளர்ந்த பெண் இவர்.

1939ல் ஜெஸ்ஸி லோவென்தால் என்ற அமெரிக்க ஆங்கில ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டு நியூயார்க் வந்தார். அவர் ஸ்டைவெசன்ட் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தினார். அந்த வாத்தியார் சம்பளத்தில்தான் உலகத்தின் கண்ணில் படாத இத்தனை ஓவியங்களும் வளர்ந்தன. 2000ல், தொண்ணூற்றெட்டாவது வயதில், லோவென்தால் காலமானார். மனைவியின் முதல் ஓவியம் விற்றது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து.

இப்போது பாரிஸ்! 1948லிருந்து 1953 வரை தம்பதி அங்கே இருந்தார்கள். போர் முடிந்து மூச்சுவிட ஆரம்பித்திருந்த நகரம். ‘சலோன் தே ரியாலிதே நூவெல்’ என்று அரூப ஓவியர்களுக்கென்றே ஆண்டுதோறும் ஒரு பெரிய கண்காட்சி நடக்கும். ஹெரேராவும் அதில் பங்கெடுத்தார். அங்கே அதன் நிறுவனர் இவருடைய ஓவியம் ஒன்றைப் பார்த்துவிட்டு, இந்த ஒரே படத்துக்குள் எத்தனை அழகான படங்கள் இருக்கின்றன அம்மணி என்றாராம். ஆஹா, பாராட்டு! தலைகால் புரியாத சந்தோஷத்தோடு வந்த ஹெரேராவுக்கு அப்புறம்தான் உறைத்தது. ஒரு படத்துக்குள் ஏன் பல படங்கள் இருக்க வேண்டும்? அவர் சொன்னது பாராட்டே இல்லையே!

அன்றைக்கு எடுக்க ஆரம்பித்தார். ஒரு வடிவத்தை எடுத்தார், ஒரு வண்ணத்தை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். எடுக்க எடுக்க மிச்சம் இருந்ததுதான் வெள்ளையும் பச்சையும். என்னைக் கேட்டால் இருபதாம் நூற்றாண்டுக் கலை விமர்சனத்திலேயே இவ்வளவு பலன் தந்த வாக்கியம் வேறில்லை. சொன்னவருக்கே இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

விட்னியின் முதல் பகுதியில் அந்தப் பாரிஸ் காலம் இருந்தது. ‘ஐபெரிக்’ என்று 1949ல் வரைந்த ஒரு வட்டமான ஓவியம்! நேர்க்கோட்டு அரசி வட்டப் பலகையில் வரைந்திருக்கிறார்! சிவப்பும் ஆரஞ்சும் கறுப்பும் வளைந்து நெளிந்து ஒன்றையொன்று துரத்தும். இதைப் பார்த்துவிட்டுப் பச்சை வெள்ளை அறைக்குள் போனால்தான் அவர் எவ்வளவைத் துறந்தார் என்பது புரியும். வளைவு வராதவர் வளைவை விட்டால் அதில் என்ன இருக்கிறது? இவருக்கு நன்றாகவே வந்தது. விட்டார்.

கொஞ்சம் நில்லுங்கள், ஒரு கிளைக்கதை. இரண்டு வண்ணம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஏன் கண் கூசுகிறது, ஏன் விளிம்பு துடிக்கிறது தெரியுமா? இதற்கு விடை சொன்னவர் ஓவியர் இல்லை, சாயப் பட்டறைக்காரர்! மிஷேல் யூஜின் ஷெவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், பாரிஸின் புகழ்பெற்ற கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயத்துறைத் தலைவர். “கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்குப் பக்கத்தில் மங்கித் தெரிகிறது” என்று நெசவாளர்கள் புகார் சொன்னார்கள். சாயத்தைச் சோதித்தார், ஒரு குறையும் இல்லை. குறை நம் கண்ணில்! பக்கத்தில் இருக்கும் நிறம் இந்த நிறத்தை மாற்றிக் காட்டுகிறது. பச்சைக்குப் பக்கத்து வெள்ளையில் மெல்லிய ரோஜா நிறம் ஏறியதுபோலத் தோன்றும், ஆனால் அங்கே ரோஜா ஒரு துளியும் இருக்காது. இதையெல்லாம் 1839ல் தடித்த புத்தகமாகப் போட்டார். அதன் பிறகு வந்த ஓவியர்கள் பலருக்கும் அது பாடநூல். சரி, ஷெவ்ரூல் எத்தனை வயது வரை வாழ்ந்தார் தெரியுமா? 102! அவருடைய நூறாவது வயதில், 1886ல், புகைப்படக்காரர் நாதார் பேட்டி எடுக்க, நாதாரின் மகன் படம் பிடிக்க, உலகின் முதல் புகைப்படப் பேட்டி என்று அதைச் சொல்கிறார்கள். இந்த வண்ண முரண் விஷயத்தில் என்ன காயகல்பம் இருக்கிறதோ!

இன்னொரு கிளைக்கதையும் கேட்டுவிடுங்கள். ஹெரேராவின் கோடு அவ்வளவு கூர்மையாக எப்படி வந்தது? டேப்! முதலில் சிறிய தாளில் வரைபடம், அதை அளவு பார்த்துப் பெரிதாக்கி, பிறகு கேன்வாஸில் மறைப்பு டேப் ஒட்டி, வண்ணத்தைப் பல பூச்சு பூசி, டேப்பை உரிப்பார்கள். கேட்கச் சுலபம். டேப்புக்கு அடியில் மயிரிழை வண்ணம் கசிந்தாலும் போச்சு. அதனால் இந்த மாதிரி ஓவியம் வரைகிறவர்கள் முதல் பூச்சாக அடியில் உள்ள நிறத்தையே டேப் ஓரத்தில் பூசுவார்கள். கசிந்தாலும் அதே நிறம் அதே நிறத்தில் கலந்து இடுக்கு அடைபட்டுவிடும். அதன்மேல் புது நிறம். உரித்தால், கத்தி வெட்டு!

அந்த டேப்பைக் கண்டுபிடித்தது யார், எதற்காக என்று தெரியுமா? கார்களுக்காக! 1920களில் அமெரிக்காவில் இரட்டை வண்ணக் கார்கள் நாகரிகம். இரண்டு நிறம் சேரும் கோட்டில் பெயின்டர்கள் தாளை ஒட்டுவார்கள், உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வந்துவிடும், வாயில் வராத வசவெல்லாம் வரும். உப்புத்தாள் மாதிரிகளோடு பட்டறைக்கு வந்த ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் இதைப் பார்த்தார். பின்னாளில் 3எம் என்று பெயர் பெற்ற கம்பெனியின் ஆள். 1925ல் மறைப்பு டேப்பைச் செய்து முடித்தார். இரண்டு நிறம் சேரும் கோட்டுக்கென்றே பிறந்த பொருள், இரண்டே நிறம் வைத்து வரைந்தவரின் கைக்கு வந்து சேர்ந்ததைப் பாருங்கள்.

ஹெரேரா இந்த வேலையை நூறு வயது தாண்டியும் செய்தார். சக்கர நாற்காலி, கீல்வாதம், ஆனாலும் யூனியன் ஸ்கொயருக்கு அருகே 19ஆம் தெரு வீட்டில் ஜன்னலோர மேசையில் காலையில் உட்கார்ந்துவிடுவார். உதவியாளர் டேப் ஒட்டி முதல் பூச்சுகளைப் போடுவார். கோடு எங்கே நிற்க வேண்டும் என்ற முடிவு மட்டும் கடைசிவரை பாட்டியுடையதுதான். ஒவ்வொரு ஓவியமும் தனக்கும் அதற்கும் நடக்கும் சண்டை, பெரும்பாலும் ஜெயிப்பது தான்தான் என்று சொல்லிக்கொள்வார்!

அப்படியானால் ஏன் அத்தனை காலம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை? இங்கே வருகிறது வயிறு எரியும் சமாசாரம். பாரிஸிலிருந்து திரும்பிய பிறகு நியூயார்க்கில் ரோஸ் ஃப்ரைட் என்ற காலரி உரிமையாளரைப் பார்க்கப் போனார். நீ என்னிடம் இருக்கும் ஆண் ஓவியர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாய், ஆனாலும் நீ பெண், உனக்குக் கண்காட்சி தரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். சொன்ன ரோஸ் ஃப்ரைடும் பெண்தான்! கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது என்று ஹெரேரா பல பத்தாண்டுகள் கழித்து நினைவுகூர்ந்தார்.

பக்கத்து வீட்டில் யார் குடியிருந்தார் தெரியுமா? பார்னெட் நியூமன்! அமெரிக்க அரூப ஓவியத்தின் பெருந்தலைகளில் ஒருவர். இரு குடும்பமும் நல்ல பழக்கம். நியூமனின் ஓவியங்கள் அருங்காட்சியகங்களுக்குப் போயின. ஹெரேராவுடையவை இருந்த இடத்திலேயே இருந்தன.

தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. கறுப்பு வெள்ளைப் பட்டைகளை மட்டுமே வைத்து ஹெரேரா ஒரு கேன்வாஸ் வரைந்தது 1952ல். ஃபிராங்க் ஸ்டெல்லா என்ற இளைஞர் தன் கறுப்புப் பட்டை ஓவியங்களை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைத்து ஊரையே பேச வைத்தது 1959ல். ஏழு ஆண்டுகள் பின்னால்! அதே 1959ல் கலிஃபோர்னியாவில் நான்கு ஓவியர்களைச் சேர்த்து ஒரு கண்காட்சி, அதையொட்டி இப்படிக் கூர்விளிம்போடு வரைகிற பாணிக்கு விமர்சகர் ஜூல்ஸ் லாங்ஸ்னர் ஒரு பெயரும் வைத்தார். நான்கு பேரும் ஆண்கள். அதே 1959ல் ஏறக்குறைய 2,500 மைல் தள்ளி, கிழக்குக் கரையில், ஹெரேரா முதல் வெள்ளை-பச்சையை வரைந்துகொண்டிருந்தார்.

இவர்கள் இவரைக் காப்பியடித்தார்கள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அவர்களுக்கு இவர் யாரென்றே தெரியாது, அதுதான் விஷயம்!

திரும்பவும் 2004க்கு வருவோம், ஏனென்றால் அந்தக் கதையை இன்னும் சொல்லவில்லை. ஃபிரெடெரிகோ சேவ் என்பவர் மன்ஹாட்டனில் ‘லத்தீன் கலெக்டர்’ என்ற காலரி நடத்திவந்தார். வடிவியல் ஓவியம் வரையும் பெண்களுக்கென்று ஒரு கண்காட்சி ஏற்பாடு. கடைசி நேரத்தில் ஓர் ஓவியர் விலகிக்கொண்டார். சுவரில் இடம் காலி! ஒரு விருந்தில் டோனி பெச்சாரா என்ற ஓவியரிடம் இதைச் சொல்ல, “கார்மெனைப் பாருங்களேன்” என்றார் பெச்சாரா. அவர் ஹெரேராவின் அண்டை வீட்டு நண்பர். ஓவியங்கள் வந்து சேர்ந்ததும் சேவ் குழம்பிப்போனார். இவை பிரேசிலின் புகழ்பெற்ற லிஜியா கிளார்க் வரைந்தவை அல்லவா? தேதியைப் பார்த்தால், கிளார்க்குக்கும் பத்து ஆண்டு முந்தியவை!

அப்புறம் நடந்ததெல்லாம் கிடுகிடுவென்று. எல்லா ஃபோன்டனால்ஸ்-சிஸ்னெரோஸ், எஸ்ட்ரெல்லீட்டா ப்ராட்ஸ்கி, ஆக்னஸ் கண்ட் என்று பெரிய சேகரிப்பாளர்கள் வாங்கினார்கள். மூவரும் பெண்கள் என்பதைக் கவனித்தீர்களா? நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், வாஷிங்டனின் ஹிர்ஷோர்ன், லண்டனின் டேட் என்று வரிசையாக அருங்காட்சியகங்கள். 2009ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஐகான் காலரி கண்காட்சி வைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இவரை ஓவிய உலகின் சூடான புதுமுகம் என்று எழுதியது. புதுமுகத்துக்கு அப்போது வயது 94!

2019 மார்ச்சில் சோத்பீஸ் ஏலத்தில் ஒரு வெள்ளை-பச்சை ஓவியம் 29 லட்சம் டாலருக்குப் போனது. 1966ல் வரைந்தது. வரைந்த ஆண்டில் இலவசமாகக் கொடுத்திருந்தாலும் வாங்கி மாட்ட ஆள் இருந்திருப்பார்களா என்பது சந்தேகமே.

பணம், புகழ் பற்றி அவரிடம் கேட்டால்? புகழ் என்பது கொஞ்சம் அநாகரிகமான விஷயம் என்றே நினைத்திருந்தேன் என்பார். யாரும் கவனிக்காமல் விட்டதும் ஒரு சுதந்திரம்தான், யாரையும் திருப்திப்படுத்த வேண்டியிருக்கவில்லை என்பார். 2015ல் அலிசன் கிளேமன் எடுத்த ‘நூறு ஆண்டுக் காட்சி’ என்ற ஆவணப்படத்தில், காத்திருந்தால் பஸ் வரும் என்பார்கள், நான் ஏறக்குறைய நூறு வருஷம் காத்திருந்தேன் என்று குறும்பாகச் சொல்கிறார். இந்த வாக்கியத்தை எல்லாரும் எடுத்துப் போட்டு, பொறுத்தார் பூமி ஆள்வார் என்ற ரீதியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொறுமைக்குக் கிடைத்த பரிசாக இதைப் பார்த்தால் ரோஸ் ஃப்ரைடின் பதில் நியாயமாகிவிடும். ஒரு காலரியில் ஒருவர் விலகியிருக்காவிட்டால், ஒரு விருந்தில் ஒருவர் வாய் திறந்திருக்காவிட்டால், பஸ் அந்தத் தெருப் பக்கமே வந்திருக்காது.

விட்னியைப் பற்றியும் ஒரு சேதி. அந்த அருங்காட்சியகம் எப்படிப் பிறந்தது தெரியுமா? கெர்ட்ரூட் வாண்டர்பில்ட் விட்னி என்ற பெண் சிற்பி, தான் சேகரித்த 500க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கலைப்படைப்புகளை 1929ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு இனாமாகக் கொடுக்க முன்வந்தார். வேண்டாம் என்றுவிட்டார்கள்! சரி போ என்று தானே ஓர் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். 1931ல் கதவு திறந்தது. ஹெரேராவின் 1959 வெள்ளை-பச்சை ஒன்று விட்னிக்கு வந்து சேர்ந்தது 2014ல். ரென்சோ பியானோ வடிவமைத்த புதுக் கட்டடத்தை 2015 மே மாதம் திறந்தபோது, முதல் கண்காட்சியிலேயே அதையும் மாட்டினார்கள்.

‘வாரத்தின் நாட்கள்’ வரிசையைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே! 1975லிருந்து 1978க்குள் ஏழு ஓவியங்கள், நாளுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் கறுப்பும் இன்னொரு நிறமும். திங்கள் நீலம். ஏழையும் விட்னியில் ஒன்றாகப் பார்க்க முடிந்தது. எனக்கு இவை பச்சை வெள்ளை அளவுக்கு ஒட்டவில்லை. கறுப்பு ரொம்பச் சத்தம் போடுகிறது. ரசனை அவரவர் பாடு.

சிற்பங்கள்தான் உண்மையான கூத்து. 1960களிலேயே ஹெரேராவுக்கு ஓர் ஆசை. வெள்ளைக் கேன்வாஸில் இருக்கும் பச்சை வடிவம் எழுந்து வெளியே வந்து நின்றால்? வரைபடங்கள் போட்டார், ‘எஸ்த்ருக்தூரா’ என்று பெயரிட்டார். கையில் காசில்லை. ஒரு சில மட்டும் மரத்தில் உருவாயின, மற்றவை தாளோடு நின்றன. 2019 ஜூலையில் நியூயார்க் நகர மன்றப் பூங்காவில் ஐந்து பிரம்மாண்டமான அலுமினியச் சிற்பங்கள் எழுந்தன! சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று ஒற்றை நிறத்தில், ஆள் உயரத்துக்கு மேல். அதில் ஒன்றின் வரைபடம் 1962ல் போட்டது. வரைபடத்துக்கும் வார்ப்புக்கும் நடுவே அரை நூற்றாண்டுக்கு மேல்! ஓவியருக்கு அப்போது 104. விட்னியின் கண்காட்சியோ அதற்குள் ஓஹையோவின் கொலம்பஸுக்கும், அங்கிருந்து கடல் தாண்டி ஜெர்மனியின் டுசெல்டார்ஃபுக்கும் போய்வந்திருந்தது.

2022 பிப்ரவரி 12ஆம் தேதி, மன்ஹாட்டனில் அதே வீட்டில், 106வது வயதில் காலமானார்.

நியூயார்க்கோ லண்டனோ போக வாய்ப்புக் கிடைத்தால் இவருடைய கேன்வாஸ் ஒன்று தொங்குகிறதா என்று விசாரியுங்கள். எல்லா நாளும் எல்லாப் படத்தையும் மாட்டி வைக்கமாட்டார்கள், இணையத்தில் பார்த்துக்கொண்டு போவது நல்லது. படம் பிடித்தால் பிரயோஜனம் இல்லை, முன்பக்கம் மட்டும்தான் போனில் விழும். சுவரோடு ஒட்டி நின்று, தலையைச் சாய்த்து, விளிம்பில் பச்சை எங்கே மடங்குகிறது என்று பாருங்கள். காவலர் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார். பார்த்தால் பார்க்கட்டும், தொடாமல் இருந்தால் சரி.